நிறுத்தினது நான்தான்

அந்த அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒன்பது பேர். எழுதியதைச் சர்வரில் ஏற்றி, விழாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேர். எதையும் கைதூக்கி முடிவு செய்வோம் என்று முதலாளி அறிவுச்செல்வன் சொல்லும்போதெல்லாம் பௌசியாவுக்குச் சிரிப்பு வரும். கைகளை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அலுவலகம். பௌசியாவுக்கு முப்பது வயது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அத்தா பை, குடை, பெட்டி விற்கும் கடை வைத்திருந்தார். சென்னையில் நாலு வருடம் சர்வர் வேலை பார்த்தவள், அதே வேலை ஊரிலேயே கிடைக்கிறது என்றதும் திரும்பி வந்துவிட்டாள். அவளோடு இருந்த இன்னொருவர் வேடியப்பன், கல்வராயன் மலைக்காரர். பத்து வருடம் செல்போன் டவர்களில் ஏறி இறங்கி, முட்டி வலி தாங்காமல் நாற்காலி வேலைக்கு வந்தவர். மலைப்பாதையில் எந்த வளைவில் சிக்னல் போகும், எந்தப் பாறைமேல் நின்றால் திரும்பி வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

எழுதுகிறவர்களுக்குத் தலைவன் சரத்குமார். வடக்கனந்தலில் நிலபுலன் உள்ள குடும்பம். வேகமானவன், நன்றாகவும் எழுதுவான். அதைப் பௌசியாவே ஒத்துக்கொள்வாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு, புதிதாக எழுதியது வெளியே போயாக வேண்டும் என்பது அறிவுச்செல்வன் வைத்த சட்டம். பெங்களூரில் வேலை பார்த்த நாட்களில் அவர் கற்றுக்கொண்டு வந்தது அது. நாலு மணிக்கு ரிலீஸ், நாலரைக்குக் கேக். கேக் வெட்டுவது எழுதுகிறவர்கள். அதற்கப்புறம் கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் அடிக்கிற போன் மட்டும் பௌசியாவின் பையில் இருக்கும்.

அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு சேகோ ஆலை. மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வரும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலை. மண்ணிலிருந்து பிடுங்கிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்குள் அரைத்தாக வேண்டும். தாமதித்தால் உள்ளே நீலம் பாய்ந்து மாவு குறைந்துவிடும், அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். ஆலையோ நாளுக்கு முப்பது வண்டிக்கு மேல் எடுக்காது. அதனால் யாருடைய வண்டி என்றைக்கு வரலாம் என்று முதல் நாள் காலை பத்து மணிக்கு விவசாயியின் போனுக்கு ஒரு டோக்கன் போகும். அவர் 'சரி' என்று அழுத்துவார், திரையில் டோக்கன் பச்சையாகும். அழுத்திய பிறகுதான் ஆள் விட்டுக் கிழங்கைப் பிடுங்குவார். அந்த டோக்கனை அனுப்புகிற செயலி இவர்களுடையது.

மார்கழி பிறந்து அறுவடை மும்முரமாக இருந்த நேரத்தில் சரத்குமார் ஒரு மாற்றத்தை எழுதியிருந்தான். டோக்கன் போய் அரை மணி நேரத்துக்குள் 'சரி' வராவிட்டால், அது தானாகவே அடுத்த விவசாயிக்குப் போய்விடும். பதில் வராத டோக்கன்களால் ஆலையில் இடம் சும்மா கிடக்கிறது என்று ஆலைக்காரர்கள் புலம்பியதற்கு அவன் கண்டுபிடித்த வழி.

வியாழக்கிழமை காலை, எல்லோரும் நின்றுகொண்டே பேசி முடிக்கும் பத்து நிமிடக் கூட்டத்தில், பௌசியா முடியாது என்றாள்.

"இது இன்னிக்குப் போவாது சரத். மலைல ஒருத்தர் பத்தே காலுக்கு 'சரி' அழுத்துவாரு. சிக்னல் வந்து வந்து போறதால அது போன்லயே கெடந்து மூணு மணிக்கு நம்ம கிட்ட வரும். அதுக்குள்ள நீ டோக்கனத் தூக்கி வேற ஆளுக்குக் குடுத்திருப்ப. ரெண்டு பேரும் கெழங்கப் புடுங்கிடுவாங்க."

"லேட்டா வர்ற பதிலு செல்லாதுன்னு எழுதி வெச்சிருக்கேன்."

"செல்லாதுன்னு உன் சர்வருக்குத் தெரியும். சிக்னல் இல்லாத போனுக்கு யாரு போய் சொல்றது? அதுல பச்சையாதான காட்டிக்கினு இருக்கும்?"

சரத்குமார் தோளைக் குலுக்கினான். "மலைல எத்தன பேரு இருப்பாங்க? பத்து பேரா?"

"நூத்தி நாப்பது," என்றார் வேடியப்பன்.

"ஒரு நாளு குடுங்க," என்று பௌசியா அறிவுச்செல்வன் பக்கம் திரும்பினாள். "வேடியண்ணன் ரெண்டு போன எடுத்துக்கினு மேல போய்ப் பாத்துட்டு வரட்டும். நல்லா இருந்தா நானே ஏத்தறேன்."

அறிவுச்செல்வனுக்கு ஒரு நாள் இல்லை. சனிக்கிழமை காலை ஆலை முதலாளி வேறு மூன்று ஆலைக்காரர்களைத் தன் ஆலைக்கே அழைத்து இந்தச் செயலியைப் பெரிய திரையில் காட்டப்போகிறார். புதிய மாற்றத்தைத்தான் முக்கியமாகக் காட்ட வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட ஒரு காரணம் ரெடியா இருக்கு பௌசியா. அவங்க ஓடறாங்க. உங்க டீமு மட்டும் பிரேக்கு மேலயே கால வெச்சிக்கினு உக்காந்திருக்கு."

"பிரேக்கு வேணாம்னா கழட்டிடுங்க சார். ஆனா அந்த வண்டில என்ன ஏத்தாதீங்க."

யாரோ சிரித்தார்கள். அறிவுச்செல்வன் சிரிக்கவில்லை. மதியத்துக்குள் புதியதை வெளியே அனுப்பும் அனுமதி பௌசியாவின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டு சரத்குமாரின் பெயருக்குப் போய்விட்டது. நாலு மணிக்கு அவனே பொத்தானை அழுத்தினான். நாலரைக்குக் கேக் வந்தது. பௌசியா தன் துண்டைத் தொடவில்லை. அதையும் சேர்த்து வேடியப்பன் சாப்பிட்டார். "கேக்கு மேல இன்னாம்மா கோவம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுநாளுக்கான முப்பது டோக்கன்கள் போயின. மதியத்துக்குமேல் சர்வரின் பதிவேட்டில், யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று வரி வரியாக ஏறிக்கொண்டே போகும் அந்தப் பட்டியலில், தாமதமான 'சரி'கள் வந்து விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'செல்லாது'. பௌசியா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சரத்குமாரின் மேசைக்குப் போனாள்.

"பாரு. பத்து இருவதுக்கு அழுத்தினது மூணு மணிக்கு வந்திருக்கு. இவங்கல்லாம் இப்ப கொல்லைல கெழங்கு புடுங்கிக்கினு இருப்பாங்க."

"செல்லாதுன்னுதான விழுது? அப்ப சரியாதான் வேலை செய்யுது," என்றான் அவன், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேடியப்பன் மலையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்குத்தான் மணி அடித்தது. இரண்டு பேருமே கிழங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. பௌசியா அத்தாவின் கடையில் இருந்தாள். ஒன்பது இருபதுக்கு வேடியப்பன் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆலை கேட்டுலேர்ந்து பேசறேன். மனசு கேக்காம வந்து பாத்தேன். ரோட்டுல அறுவது வண்டிக்கு மேல நிக்குதும்மா. இன்னும் வந்துக்கினே இருக்கு. அடிதடி ஆவப்போவுது."

பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் மடிக்கணினியைத் திறந்தாள். நின்ற வண்டிகளைவிட நிற்கப்போகும் வண்டிகள்தான் அவளை நடுங்க வைத்தன. பத்து மணிக்கு ஞாயிற்றுக்கிழமைக்கான டோக்கன்கள் கிளம்பும். அதே முப்பது மறுபடியும் எழுபதாகும்.

அவள் கூப்பிட்டபோது சரத்குமாருக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. "பாத்துக்கினுதான் இருக்கேன். ரெண்டு மணி நேரத்துல சரி பண்ணி ஏத்திடறேன்."

"பத்து மணிக்கு அடுத்தது போயிடும் சரத். பழசத் திருப்பிப் போடு."

"பழசப் போட்டா ரெண்டு நாளு டேட்டா கொழம்பிடும். அவசரப்படாத, நான் பாத்துக்கறேன்."

அவள் அறிவுச்செல்வனைக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை எடுத்தார். ஆலைக்குள்ளிருந்து குரலைத் தாழ்த்திப் பேசினார். "விருந்தாளிங்க எதுர்ல உக்காந்திருக்காங்க. ஸ்கிரீன்ல ஓடிக்கினு இருக்கு. பத்து மணிக்கு டோக்கன் போறதத்தான் காட்டப்போறோம். எதையும் தொடாத. பன்னெண்டு மணிக்கு மேல பேசிக்கலாம்."

"சார், ஜன்னலத் தொறந்து ரோட்டப் பாருங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது புதியதை ஏற்றும் அனுமதியைத்தான். சர்வர்கள் இன்னும் அவள் கையில் இருந்தன. மணி ஒன்பது நாற்பத்தெட்டு. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆலைக்காரர் முன்னால் திரை இருண்டு போகும், திங்கட்கிழமை அவளுக்கு நாற்காலி இருக்காது. நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பதிவேட்டை முழுவதும் தன் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டாள். ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

கடைக்கு வந்தவருக்குக் குடையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அத்தா அவள் முகத்தைக் கவனித்துவிட்டார். "இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ண நிறுத்திட்டேன் அத்தா."

"வேலையவா?"

"அது திங்கக்கெழமதான் தெரியும்," என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆலைக்கு முன்னால் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் டிராக்டரும் மினி லாரியுமாக நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மண் ஒட்டிய கிழங்கின் பச்சை வாசனை சாலை முழுவதும் அடித்தது. ஆலையின் யார்டு மேனேஜர் கேட்டைப் பாதி சாத்திவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்: செல்லுபடியான முப்பது பேர் மட்டும் உள்ளே, மற்றவர்கள் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

அவருக்கு எதிரில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். பெயர் தங்கமணி. வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கத்து ஊர். விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி கட்டிக்கொண்டு இறங்கியவள்.

"பச்சையா இருக்குதா இல்லியா? நீயே பாத்து சொல்லு. நான் அழுத்தனன், அது பச்சையாச்சி. இப்ப செல்லாதுன்னா, நான் இந்தக் கெழங்க இன்னா திரும்பவும் மண்ணுல நடறதா?"

பௌசியா போய், போனில் இருந்த பெயரையும் நேரத்தையும் பார்த்துவிட்டு, இருவருக்கும் நடுவில் நின்றாள். "அவங்க டோக்கன் செல்லும்," என்றாள்.

"நீ யாரு?" என்றார் மேனேஜர்.

"இந்த ஆப்ப ஓட்டற கம்பெனி ஆளு. சர்வரப் பாத்துக்கறவ."

சொன்ன மறுநிமிடம் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். யார் என்ன திட்டினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கூச்சல். ஒருவர் அவள் கையிலிருந்த மடிக்கணினியைப் பிடுங்கப் பார்த்தார். வேடியப்பன் இடையில் புகுந்து, "அந்தப் பொட்டி போச்சின்னா ஒங்க பேரும் போச்சி, விடுய்யா!" என்று அதட்டியதும் அந்தக் கை விலகியது. பௌசியா ஒரு டிராக்டர் டிரெய்லரின் மேல் ஏறி நின்றாள்.

"டோக்கன் கொழம்பினது எங்க தப்பு!" என்று கத்தினாள். "ஒங்க தப்பு ஒண்ணுமே இல்ல. யாரு மொதல்ல 'சரி' அழுத்தினீங்கன்னு எங்கிட்ட மணி நிமிஷத்தோட இருக்கு. அந்த வரிசைல வண்டி உள்ள போவும். மலைலேர்ந்து லேட்டா வந்து சேந்தது லேட்டா அழுத்தினது ஆவாது. தங்கமணி அம்மா வெள்ளிக்கெழம பத்து இருவத்தி அஞ்சுக்கு அழுத்தியிருக்காங்க. அரை மணிக்குள்ள. அவங்க டோக்கன் அவங்களதுதான்."

"ஆலை முப்பதுக்கு மேல எடுக்காதும்மா," என்று மேனேஜர் கீழிருந்து கத்தினார். "மீதி நாப்பத்தோரு வண்டிய எங்க கொண்டு போய்க் கொட்றது?"

"நாளைக்கு. நாளைக்கு வரவேண்டிய டோக்கன் எதுவுமே போவல. பத்து மணிக்கு முன்னாடியே நான் நிறுத்திட்டேன். நாளைக்கு ஒங்க முப்பது எடமும் காலி. மீதி பதினோரு வண்டி திங்கக்கெழம காலைல. அது இன்னிக்கு விடியக்காலைல புடுங்கினவங்களா இருக்கட்டும். அந்தக் கெழங்கு தாங்கும்."

மேனேஜர் வாயில் வந்ததை விழுங்கினார். அரைப்பதற்கு ஆலைக்கும் கிழங்கு வேண்டும்தானே. உள்ளே முதலாளியிடம் பேசிவிட்டு வர அவருக்கு இருபது நிமிடம் ஆனது. வரும்போது கேட்டை முழுதாகத் திறந்துகொண்டு வந்தார்.

அந்த இருபது நிமிடத்தில் சரத்குமார் பைக்கில் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "நீதான் நிறுத்தினியா? நான் எழுதி முடிச்சிக்கினு இருக்கேன், ஏத்தப் போனா சர்வரே இல்ல! அறிவு சார் மானம் போச்சி உள்ள."

"இத வாங்கிப் படி," என்று மடிக்கணினியை அவன் கையில் திணித்தாள். "மொத்தம் எழுவத்தோரு பேரு. எத்தன பேரு அரை மணிக்குள்ள அழுத்தியிருக்காங்கன்னு பாரு."

அவன் பைக்கில் உட்கார்ந்தபடியே படித்தான். மேலிருந்து கீழே, பிறகு மறுபடியும் மேலிருந்து. போன் அழுத்திய நேரம் ஒரு பக்கம், அது வந்து சேர்ந்த நேரம் ஒரு பக்கம். அவனுடைய வரிகள் பார்த்தது இரண்டாவதை மட்டும்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அப்போதுதான் வரிசையிலிருந்து ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவனுடைய சித்தப்பா சின்னராசு. வடக்கனந்தலிலிருந்து இரண்டு டிராக்டர் நிறையக் கிழங்கோடு வந்திருந்தார். மலைக்காரர்களிடமிருந்து கைமாறிப் போன டோக்கன்களில் இரண்டு அவருக்குக் கிடைத்திருந்தன.

"டேய் சரத்து! நல்ல வேள வந்த. இந்த ஆப்பு எங்க புள்ள எழுதினதுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன். வா, நம்ம வண்டிய உள்ள வுடச் சொல்லு. என் பேரு அந்தாளு லிஸ்ட்டுலயே இருக்குது."

சரத்குமார் மடிக்கணினியைப் பார்த்தான். அவன் என்ன செய்வான் என்று பௌசியாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"சித்தப்பா, ஒங்களுது நாப்பத்தி நாலும் நாப்பத்தி அஞ்சும். நாளைக்குதான்."

"இன்னாடா வெளாடறியா?"

"இல்ல சித்தப்பா. ஒங்களுக்கு வந்தது அவங்க டோக்கன். நான் எழுதினது தப்பாப் போச்சி."

"நாலு பேரு எதுர்ல என்ன அசிங்கப்படுத்தற. உங்கப்பன்கிட்ட பேசிக்கறேன்," என்று சின்னராசு தோளிலிருந்த துண்டை உதறிவிட்டுப் போனார். வண்டியைத் திருப்பவில்லை, புளியமரத்து நிழலில் ஓரங்கட்டிவிட்டு, யாருடனும் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு மதியம் மூன்று மணி வரை சரத்குமார்தான் பெயர்களைக் கத்திப் படித்தான். வேடியப்பன் வண்டிகளை வரிசைப்படுத்தினார். பௌசியா ஒவ்வொன்றாகக் குறித்தாள். தங்கமணியின் வண்டி ஒன்பதாவதாக உள்ளே போனது. போகும்போது அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த தபா எனுக்குப் போன் போட்டு சொல்லு. இந்தப் பச்சைய நான் நம்பமாட்டேன்," என்றாள். பௌசியாவுக்கு அது நியாயமாகவே பட்டது.

திங்கட்கிழமை காலை அறிவுச்செல்வனின் அறையில் ஓர் அறிக்கை தயாராக இருந்தது. ஆலைக்கு அனுப்ப வேண்டியது. சனிக்கிழமை காலை சர்வர் குழுவின் கவனக்குறைவால் சர்வர் நின்றுபோனதாகவும், அதனால் டோக்கன் குழப்பம் ஏற்பட்டதாகவும் அதில் எழுதியிருந்தது. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. சரத்குமாருடையது.

அவன் ஜன்னலோரம் நின்றிருந்தான். பௌசியா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கேட்டுல நின்னு பேரு படிச்சவன் நீதான?"

அவன் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டான்.

"பௌசியா, நான் சொல்றதக் கேளு," என்றார் அறிவுச்செல்வன். கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தார். "இந்த ஊர்ல உக்காந்துக்கினு இப்பிடி ஒரு கம்பெனி நடத்தறது எவ்ளோ கஷ்டம்னு உனுக்குத் தெரியாது. எழுதினதே தப்புன்னு சொன்னா ஆலைக்காரன் மெட்ராஸ்ல போய் வேற ஆளப் பாப்பான். சர்வர் நின்னுச்சின்னா, சரி, எங்க வேணா நிக்கும், ஒத்துக்குவான். எல்லாரும் பொழைக்கணும்ல?"

"சர்வர் தானா நிக்கல சார். நிறுத்தினது நான்தான். கவனக்குறைவால இல்ல, தெரிஞ்சேதான் நிறுத்தினேன். கொழப்பம் வெள்ளிக்கெழமயே ஆயிடுச்சி. அப்பிடி எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"நான் தொடாதன்னு சொன்னேன். நீ தொட்ட. அதுக்கே உன்ன அனுப்பலாம்."

"அனுப்புங்க. தொட்டதுக்கு அனுப்பறேன்னு எழுதிக் குடுங்க. கவனக்குறைவுன்னு எழுதினா வாங்கமாட்டேன்."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். அவள் அதை எடுக்காமல் வெளியே வந்தாள்.

தன் இடத்தில் உட்கார்ந்து அவளே ஓர் அறிக்கை எழுதினாள். ஒரு பக்கம். ஆலையில் யார் படித்தாலும் புரியும்படி தமிழில். சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பத்தொன்றுக்குச் சர்வரை நிறுத்தியது நான்தான் என்று ஆரம்பித்து, ஏன் நிறுத்தினாள், நிறுத்தாவிட்டால் என்ன ஆகியிருக்கும், யாருடைய எச்சரிக்கை எப்போது தள்ளப்பட்டது என்று நேரத்தோடு எழுதினாள். மறுபடியும் இப்படி நடந்தால் மறுபடியும் நிறுத்துவேன் என்று முடித்தாள். கீழே கையெழுத்திட்டு, பதிவேட்டின் நகலையும் சேர்த்து மேசைமேல் வைத்தாள். வேடியப்பன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "படிங்கண்ணா," என்றாள். "நான் கேட்டுலதாம்மா இருந்தேன்," என்றார்.

மாலை ஐந்தரைக்கு சரத்குமார் வந்தான். நின்றபடியே அந்தத் தாளை எடுத்துப் படித்தான். நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

"இது பத்தாது. வந்து சேந்த நேரத்த வெச்சி நான் தள்ளினத மட்டும் எழுதியிருக்க. தள்ளினேன். தள்ளினத அவங்க போனுக்குத் திருப்பிச் சொல்லல. அதான் ஓட்டை."

பௌசியா அந்த வரியை மறுபடி படித்தாள். அவன் சொன்னது சரிதான். கணினியில் திருத்தி, புதிதாக அச்செடுத்துக் கொடுத்தாள். அவன் குனிந்து, அவள் பெயருக்கும் வேடியப்பன் பெயருக்கும் கீழே தன் கையெழுத்தைப் போட்டான். பிறகு நேராக அறிவுச்செல்வன் அறைக்குப் போனான். கதவு மூடியிருந்தது, பேச்சு கேட்கவில்லை. திரும்பி வரும்போது காலையில் கையெழுத்திட்ட தாள் அவன் கையில் கசங்கியிருந்தது. அதை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான்.

"காலைல பயந்துட்டேன்," என்றான்.

"தெரியும்," என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

எழுதுகிற மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேர் போடவில்லை. அன்றே அறிக்கையை அவள் தன் பெயரில் ஆலைக்கு அனுப்பிவிட்டாள்.

அறிவுச்செல்வன் அவளுக்கு மெமோ கொடுத்தார். மூன்று நாளுக்குள் எழுத்தில் மன்னிப்பு கேட்க வேண்டும் என்றிருந்தது. மூன்றாம் நாள் அவள் அதே அறிக்கையின் இன்னொரு பிரதியைப் பதிலாக வைத்தாள். அதற்குப்பின் பத்து நாள் அவர் அவளோடு பேசவில்லை. ஆலை முதலாளி ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. மலை விவசாயிகளுக்குப் போன் போட்டு உறுதிசெய்ய ஓர் ஆளை மட்டும் வைத்துக்கொண்டார். பார்க்க வந்த மூன்று ஆலைகளில் இரண்டு வரவே இல்லை. மூன்றாவது ஆலைக்காரர் கூப்பிட்டார். பேசுவதற்கு, அன்றைக்கு நிறுத்தின அந்தப் பெண்ணும் வர வேண்டும் என்றாராம். இதை அறிவுச்செல்வன் அவளிடம் சொல்லவில்லை. வேடியப்பன் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து சொன்னார்.

ஒரு நாள் காலை அவள் கணினியைத் திறந்தபோது, புதியதை வெளியே அனுப்பும் அனுமதி மறுபடியும் அவள் பெயரில் இருந்தது. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் அறிவுச்செல்வனின் அறைக் கதவைத் தட்டினாள்.

"எம்பேர்ல மட்டும் வேணாம் சார். எழுதினவங்க ஒருத்தரு, நாங்க ஒருத்தரு, ரெண்டு பேரும் அழுத்தினாதான் போவணும். அப்பறம் ராத்திரி பகலா அடிக்கற அந்தப் போனு. எழுதினது போற வாரம் எழுதினவங்க பைலதான் இருக்கணும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா எனுக்கு இந்த அனுமதியே வேணாம்."

"செஞ்சிக்கோ," என்றார் அவர், ஏதோ கணக்கில் தோற்றவரைப் போல. அவள் வெளியே வந்து போனைச் சரத்குமாரின் மேசைமேல் வைத்தாள். அந்த வாரத்தில் அது பதினேழு முறை அடித்தது. வெள்ளிக்கிழமை வந்தபோது அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

பொங்கல் முடிந்த வியாழக்கிழமை அவன் டோக்கன் மாற்றத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். இனி சிக்னல் திரும்பியதும், டோக்கன் செல்லுமா என்று போனே சர்வரைக் கேட்டுக்கொள்ளும். இரண்டு நாள் வேடியப்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மலை முழுவதும் சுற்றிச் சோதித்திருந்தான். முழங்கை சிராய்த்திருந்தது. தாளைப் பௌசியாவின் முன் விரித்தான்.

அவள் படித்தாள். "இது சரி. இது சரி. இது வேணாம்."

"ஏன் வேணாம்? மேல போய்ப் பாத்துட்டு வந்தேன், ஓடுது."

"ரெண்டு போன்ல ஓடுது. நூத்தி நாப்பது போனும் ஒரே நேரத்துல திரும்பக் கேட்டா?"

"நீ ஜாஸ்தி பயப்படற. ஒரே நேரத்துல எங்க கேக்கும்? சிக்னலே ஒருத்தர் ஒருத்தருக்கா வருது."

"டவரு நின்னு திரும்பி வந்தா மொத்தமாதான வரும்?"

அவன் யோசித்தான். "அது வேணா உண்மை. ஆனா அதுக்காக இந்தப் பகுதிய முழுசா எடுக்கச் சொல்றது அநியாயம். ரெண்டு வாரம் எழுதியிருக்கேன்."

"எழுதின நாளுக்காக எல்லாம் ஏத்த முடியாது."

குரல்கள் ஏறின. பக்கத்து மேசைக்காரர்கள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வேடியப்பன் நாற்காலியை இழுத்துப்போட்டு நடுவில் உட்கார்ந்து, டவர் நின்றால் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று இரண்டு பேருக்கும் படம் போட்டுக் காட்டினார். அதில் ஒரு விஷயத்தில் சரத்குமார் சொன்னது சரியென்று ஆனது; பௌசியா விட்டுக்கொடுத்தாள். இன்னொன்றில் அவள் அசையவில்லை.

அறிவுச்செல்வன் அறையிலிருந்து தலையை நீட்டினார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? மணி நாலாவப் போவுது. இன்னிக்கு ரிலீஸ் உண்டா இல்லியா?"

"இன்னிக்கு இல்ல சார்," என்றார்கள் இரண்டு பேரும்.

அவர் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி, மூணாவது பக்கத்துக்கு வா," என்றாள் பௌசியா.